27 இலட்சத்துக்கு ஒரு மணிக்கூடா?

வாசகர் கேள்வி – பதில்

என் அப்பா திருகோணமலைச் சந்தைப் பக்கம் முப்பது வருடம் மணிக்கூடு திருத்தியவர் என்று போன இதழில் பேச்சோடு பேச்சாக எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மணிக்கூடு பற்றித்தான். எனக்கும் பிடித்த விஷயம், அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

உப்புவெளி வாசகி ஒருவர்: என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். ஏழு வருடமாகச் சேர்த்த காசில் ரோலெக்ஸ் சப்மரீனர் என்ற மணிக்கூட்டை வாங்கியே தீருவேன் என்று நிற்கிறார். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கு இன்னும் கொங்கிரீட் பிளேட் போடவில்லை, மழைக்கு ஒழுகுகிறது. நேரம் போனிலேயே தெரிகிறதே, அப்படி என்னதான் இருக்கிறது அந்த மணிக்கூட்டில்?

தங்கச்சி, முதலில் கூரை. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் பிளேட்டைப் போடுங்கள், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் ஆசைப்படுவது வெறும் பகட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டு அவரோடு கதைக்கப் போனால் அது சண்டையில்தான் முடியும்.

நேரம் பார்ப்பதற்கு என்றால் அந்த விலை தேவையே இல்லை. காசியோவின் எஃப்-91டபிள்யூ என்ற பிளாஸ்டிக் மணிக்கூட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், இலங்கைக் காசில் சில ஆயிரம்தான். அது மாதத்துக்கு 30 நொடி முன்பின் போகலாம் என்று அந்தக் கம்பனியே சொல்கிறது. ரோலெக்ஸ் தன் மணிக்கூட்டுக்குச் சொல்லும் கணக்கு நாளைக்கு 2 நொடி முன்பின், மாதத்துக்கு என்று கூட்டினால் 60 நொடி வரை போகலாம். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ கம்பனி டோக்கியோவில் அஸ்ட்ரோன் என்ற, பற்றரியில் ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டதோடு நேரம் பிடிக்கும் போட்டியில் சாவி கொடுக்கும் மணிக்கூடு தோற்றுவிட்டது. அதற்குப் பின் வந்த பதினைந்து வருடங்களுக்குள் சுவிற்சர்லாந்தில் மணிக்கூட்டு வேலை செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

சரி, பிறகு ஏன் இந்த விலை? அப்பாவின் மேசையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பின்மூடியைக் கழற்றிவிட்டு, தூசு விழாமல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடி வைத்திருப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அந்தத் தம்ளர் வழியாகத்தான் பார்ப்பேன். நடுவில் ஒரு சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும், அதற்குள்ளே தலைமயிரைவிட மெல்லிய ஒரு சுருள் விரிந்து சுருங்கும், பார்த்தால் ஏதோ ஒரு சின்ன உயிர் மூச்சு விடுகிறது போல இருக்கும். இன்றைய நல்ல மணிக்கூடுகளில் அந்தச் சக்கரம் மணிக்கு 28,800 தடவை அடிக்கிறது, ஒரு நாளைக்கு 6,91,200 தடவை, ஒரு வருடத்துக்கு 25 கோடிக்கு மேல். பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை, உங்கள் கை அசைவதில் ஏறும் முறுக்கு மட்டும்தான். இதைச் செய்து, பொருத்தி, வெயிலிலும் குளிரிலும் படுக்கையிலும் நிமிர்விலும் ஒரே மாதிரி ஓடும்படி சரிசெய்வதற்குக் கை வேலையும் நாளும் போகிறது. அதற்குக் காசு கொடுப்பது வீண் என்று நான் சொல்லவே மாட்டேன்.

அதோடு சாமானும் சாதாரணம் இல்லை. ரோலெக்ஸ் பாவிப்பது 904எல் என்ற உருக்கு, மற்றக் கம்பனிகள் பெரும்பாலும் பாவிக்கும் 316எல்-ஐவிட உப்புக்கு நன்றாகத் தாங்கும். கதவுப் பிணைச்சலே இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும் நம் ஊரில் அது என்னவென்று விளங்கும். கண்ணாடி செயற்கை நீலக்கல், கடற்கரை மணல் உரசினால் கீறு விழாது. முகப்பைச் சுற்றியுள்ள கறுப்பு வளையம் செராமிக். செராமிக் மணிக்கூடுகளுக்கு அடிப்படை சேர்க்கோனியம், அது கிடைப்பது சேர்க்கோன் என்ற கனியத்தில் இருந்து. நம் புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைட், ரூட்டைல் என்ற கனியங்களோடு சேர்க்கோனும் இருக்கிறது, டைட்டேனியம் மணிக்கூட்டுக்கு வேண்டிய டைட்டேனியமும் அந்த இல்மனைட்டிலும் ரூட்டைலிலும்தான் இருக்கிறது. நம் மாவட்டத்து மண்ணில் கிடக்கும் சாமான், மணலாகக் கப்பல் ஏறும்போது ஒரு விலை, யாரோ ஒருவர் கையில் ஏறும்போது வேறொரு விலை. எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சப்மரீனரின் கடை விலை 9000 டொலருக்கு மேல், டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 27 இலட்சம், வரி வேறு. பத்தாயிரம் ரூபாய் மணிக்கூட்டுக்கும் இரண்டு இலட்சம் ரூபாய் மணிக்கூட்டுக்கும் இடையில் உண்மையான வித்தியாசம் இருக்கிறது: இயந்திரம், கண்ணாடி, தண்ணீர் தாங்குவது, திருத்தித் திருத்திப் பாவிக்க முடிவது, எல்லாவற்றிலும். இரண்டு இலட்சத்துக்கும் 27 இலட்சத்துக்கும் இடையிலும் வித்தியாசம் உண்டு, ஆனால் 25 இலட்சத்துக்கான வேலை அங்கே இல்லை. அதில் பெரும் பகுதி பெயருக்கு. அரிய சாமான் என்பார்கள், ஆனால் ரோலெக்ஸ் வருடத்துக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் மணிக்கூடு செய்கிறது என்றுதான் மதிப்பிடுகிறார்கள். கடையில் உடனே கிடைக்காததற்கு அதைவிட அதிகம் பேர் காத்திருப்பதுதான் காரணம்.

ஆனால் தங்கச்சி, உங்கள் கணவர் கப்பல்காரர், அதையும் மறக்க வேண்டாம். நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க ஒரு காலத்தில் பிழைக்காத மணிக்கூடுதான் நல்ல வழி. நாலு நொடி பிழைத்தால் பூமத்திய ரேகைப் பக்கம் ஒரு கடல் மைல் பிழைக்கும். ஜோன் ஹரிசன் என்ற தச்சர் தன் ஆயுளையே அதற்குக் கொடுத்தார், 1761-இல் அவருடைய நாலாவது மணிக்கூடு ஜமேக்கா வரை போனபோது 81 நாளில் சுமார் 5 நொடிதான் பிழைத்தது. நம் துறைமுகத்துக்குள் பாய்க்கப்பல்கள் வந்த காலத்தில் அப்படியான மணிக்கூடுகளைப் பெட்டியில் பூட்டிக் காப்பாற்றினார்கள். கடலில் இருக்கிறவனுக்கு மணிக்கூட்டின் மேல் ஆசை வருவது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அதனால் நான் சொல்வது இதுதான்: பிளேட்டைப் போட்ட பிறகு, 200 மீற்றர் தண்ணீர் தாங்கும் என்று போட்ட, கை அசைவில் தானே முறுக்கேறும் ஒரு நல்ல ஒட்டோமெட்டிக் மணிக்கூட்டை ஒன்றரை, இரண்டு இலட்சத்துக்குள் வாங்கிக் கொடுங்கள், நீங்களே பின்பக்கம் பெயர் பொறித்துக் கொடுங்கள். அதைக் கட்டிக்கொண்டு அவர் வேலை செய்யலாம், பயப்படாமல் எங்கேயும் போகலாம். 27 இலட்சத்தைக் கையில் கட்டிக்கொண்டு எந்தத் துறைமுகத்தில் நிம்மதியாக இறங்குவார்? கடைசியில் அது அலுமாரிக்குள்தான் கிடக்கும்.

திருகோணமலை நகரில் இருந்து ஒருவர்: நல்ல மணிக்கூடு பவுன் மாதிரி, விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார்கள். முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். 2021-இலும் 2022 தொடக்கத்திலும் ரோலெக்ஸ், படெக் பிலிப் இரண்டு கம்பனிகளினதும் சில மாதிரிகள் கடை விலையைவிடப் பல மடங்குக்கு விற்றன, அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் அடுத்த மாதங்களிலேயே விலை சரிவதைப் பார்த்தார்கள். ஏறுவது ஒரு சில மாதிரிகள் மட்டும், மற்றவை கடை வாசலைத் தாண்டியதும் இறங்கும். பவுனை நாளைக் காலை பத்து மணிக்கு வங்கியில் அடகு வைக்கலாம், அவசரத்துக்கு உங்கள் மணிக்கூட்டை இந்த ஊரில் யாரிடம் கொண்டுபோவீர்கள்? 2017-இல் நடிகர் போல் நியூமனின் ரோலெக்ஸ் டேட்டோனா மணிக்கூடு ஏலத்தில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்குப் போனதைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். அதன் பின்பக்கம் அவருடைய மனைவி ‘கவனமாக ஓட்டுங்கள், நான்’ என்று பொறித்துக் கொடுத்தது, அவர் வருடக்கணக்காகக் கட்டிய மணிக்கூடு அது. அந்த விலை அவருக்கு, மணிக்கூட்டு வகைக்கு இல்லை.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: ‘ஃபெர்ஸ்ட் கொப்பி’ 15,000-க்குத் தருகிறார்கள், பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறதே?

வாங்காதீர்கள். கள்ளப் பெயர் போட்ட சாமான், உத்தரவாதம் கிடையாது, பழுதானால் திருத்த நல்ல ஆட்கள் கை வைக்க மாட்டார்கள். அதே 15,000-க்கு சிற்றிசனோ காசியோவோ தன் சொந்தப் பெயரோடு நல்ல மணிக்கூடு தரும்.

நிலாவெளிப் படகுக்காரர் ஒருவர்: வெள்ளைக்காரர்களைப் புறாமலைக்கு ஏற்றிப் போகிறேன். 30 மீற்றர் தாங்கும் என்று பின்னால் போட்டிருந்த மணிக்கூடு இடுப்பளவு தண்ணீரிலேயே உள்ளே பனி பிடித்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை தம்பி, ஆனால் அந்த எழுத்து எல்லோரையும் ஏமாற்றுகிறது. 30 மீற்றர் என்பது அசையாத தண்ணீரில் வைத்துப் பார்த்த அழுத்தம். கை கழுவ, மழையில் நனைய அது போதும், கடலில் கையை வீசி அடிக்க ஆகாது. நீந்துவதற்கு 100, உங்கள் தொழிலுக்கு 200. உள்ளே இருக்கும் றப்பர் வளையம் வெயிலிலும் உப்பிலும் காய்ந்து வெடிக்கும், அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம் இன்னொன்று, கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போகும்போது எந்த விலை மணிக்கூடாக இருந்தாலும் கழற்றிவிட்டுத்தான் குளிக்க வேண்டும், சூட்டில் வளையம் இளகி, உடனே ஆறும்போது ஆவி உள்ளே இழுபடும். கன்னியாவில் குளித்துவிட்டு நேரே அப்பாவின் கடைக்கு வந்த மணிக்கூடுகளை நான் எண்ணி முடிக்க மாட்டேன்.

கிண்ணியாவில் இருந்து ஒருவர்: எங்கள் வாப்பா சவூதியில் வேலை செய்தபோது வாங்கிய சீக்கோ 5. அவர் மௌத்தாகி இரண்டு வருடம். மணிக்கூடு இப்போது உலுக்கினால் கொஞ்சம் ஓடி நின்றுவிடுகிறது. திருத்த 12,000 கேட்கிறார்கள். அந்தக் காசுக்குப் புதிதே வாங்கலாம் என்று மச்சான் சொல்கிறார். எது சரி?

திருத்துங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். உலுக்கி ஓடுகிறது என்றால் உயிர் இருக்கிறது, உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி அதை உலுக்கிப் பார்க்காதீர்கள், காய்ந்த இயந்திரம் ஓட ஓட முனைகள் தேயும். சீக்கோ 5 என்ற பெயரே ஐந்து விஷயத்துக்காக 1963-இல் வைத்தது: தானே முறுக்கேறும், தேதியும் கிழமையும் ஒரே சன்னலில் தெரியும், தண்ணீர் தாங்கும், திருகு 4 மணிப் பக்கம் ஒதுங்கி இருக்கும், உறுதியான உடம்பும் பட்டியும். உழைக்கிறவனுக்கு என்று செய்த மணிக்கூடு. கல்ஃப் போய் வந்தவர்கள் அப்பாவிடம் கொண்டுவரும் சீக்கோக்களில், பட்டிக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் கறுப்பாக ஒரு படிவு இருக்கும், வியர்வையும் மணலும் சேர்ந்து இறுகிப்போனது. அப்பா அதை ஈர்க்குக் குச்சியால் மெதுவாகக் கிண்டி எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் தட்டி, சொந்தக்காரருக்குக் காட்டுவார். சிலர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். முழுக்கக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட வேண்டும், மேலால் ஒரு சொட்டு விட்டுத் தரக் கூடாது. உடம்பைப் பொலிஷ் பண்ணக் கூடாது, அந்தக் கீறல் எல்லாம் உங்கள் வாப்பாவின் வேலையில் விழுந்தது. முகப்புக்குப் புதுப் பெயின்ட் அடிக்கவே கூடாது, கண்ணாடி கீறியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். கழற்றிய சாமான் எதையும் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்து வந்ததும் போன் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிலுள்ள காந்தம் சுருளைப் பிடித்தால் நாளைக்குப் பல நிமிடம் முந்தி ஓடும்.

சவூதியில் வாங்கியது என்றால் கிழமை அரபியிலும் ஆங்கிலத்திலும் மாற்றி வைக்கலாம். கழற்றிப் பூட்டும்போது திருத்துபவர் தன் வசதிக்கு ஆங்கிலத்தில் விட்டுவிடுவார். வாப்பா எதில் வைத்திருந்தார் என்று இப்போதே பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.