காரைக்குடிப் பக்கம் களிமண், முழு வெயில்: என்ன செடி வைக்கலாம்?

செட்டிநாட்டில் செம்மண்தான் அதிகம். கண்மாய் ஓரத்து மனை என்றால் களிமண் வரும். அது சத்துள்ள மண்தான். வேரில் நீர் தேங்குவதுதான் சிக்கல்.

முதலில் 1 அடி குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் 1 அடி உயர மேடு போட்டே நட வேண்டும். செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, கொய்யா நன்றாக வரும். அரளி விஷச்செடி, ஆடு மாடு வரும் பக்கம் வேண்டாம். பப்பாளியை மேடில்லாமல் வைத்தால் ஐப்பசி மழையில் தண்டு அழுகிச் சாயும்.

ஈரமாக இருக்கும்போது தோண்டாதீர்கள். மண்வெட்டி பட்ட குழிச்சுவர் மெழுகியதுபோல் வழவழப்பாகி, வேர் அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே சுற்றும். அப்படி ஆகிவிட்டால் கடப்பாரையால் சுவரைக் கீறிவிடுங்கள். குழி 2 அடி அகலம், 1½ அடி ஆழம். தோண்டிய மண் 2 பங்கு, மக்கிய சாணி எரு 1 பங்கு. தயவுசெய்து மணலை மட்டும் கலக்காதீர்கள், கொஞ்ச மணல் களியோடு சேர்ந்து இறுகிவிடும்.

ஆவணியில் நட்டால் பெருமழைக்குள் வேர் பிடிக்கும். கோடையில் மண் வெடித்து வேர் அறும். தண்டைத் தொடாமல் 3 அங்குலம் கடலைத்தோல் பரப்புங்கள். விரலை 2 அங்குலம் விட்டு, ஈரம் இல்லையென்றால் மட்டும் தண்ணீர்.