கார்பன் ஃபைபருக்கு வெயிலும் ஈரமும் ஆகுமா? கேட்டவங்களுக்கு பதில்

காம்போசிட் (இழையையும் பிசினையும் சேத்து செய்யுற பொருள்) டெஸ்டிங் லேப்ல வேலை பாக்குறேன், விமான பார்ட்ஸுக்கான சேம்பிள்களை உடைச்சு பாக்குறதுதான் பொழப்பு. வந்த கேள்விகளுக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி: சார், கார்பன் ஃபைபர் தண்ணி குடிக்குமா?

இழை குடிக்காது, அதை ஒட்டி வச்சிருக்க எபாக்ஸிங்கிற ரெசின், அதாவது பிசின்தான் குடிக்கும். விமான லேமினேட் (அடுக்கடுக்கா ஒட்டின தகடு) நல்லா ஊறினாலும் எடை 1, 1.5 சதவீதம் ஏறும், அவ்ளோதானான்னு தோணும், ஆனா அந்த தண்ணி மூலக்கூறுகளுக்கு நடுவுல போய் உக்காந்துக்கும், காஞ்சப்போ 200 டிகிரி கிட்ட இளகுற ரெசின் ஊறினப்புறம் 150, 160லயே இளக ஆரம்பிச்சிடும். அதனால ஊறின நிலையில இளகுற டெம்பரேச்சர்ல இருந்து 28 டிகிரி கழிச்சு, அதுக்கு மேல பார்ட்டை சூடாக விடாம டிசைன் பண்றது வழக்கம்.

கேள்வி: அப்போ எல்லா பலமும் குறைஞ்சிடுமா?

அதான் இல்ல. இழை வாக்குல இழுத்து பாத்தா பெருசா வித்தியாசம் தெரியாது, பாரம் இழை மேலதான். அமுக்கி பாருங்க, அங்கதான் வம்பு. முடியை விட மெல்லிசான இழை வளையாம நிக்குறதே சுத்தி ரெசின் பிடிச்சிருக்கிறதாலதான், சூட்டுலயும் ஈரத்துலயும் பிடி தளர்ந்தா வளைஞ்சு நொறுங்கிடும், அடுக்குக்கு அடுக்கு வழுக்குற ஷியர்லயும் அதே கதைதான். அதுக்குதான் 70 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் வச்ச சேம்பர்ல போட்டு, அப்பப்போ எடுத்து தராசுல வச்சு, எடை ஏறுறது நின்னதும் 82 டிகிரி மாதிரி சூட்டுலயே அமுக்கி உடைக்கிறோம். சூடு மட்டும், ஈரம் மட்டும்னா சமாளிக்கும், ரெண்டும் சேந்தாதான் ஆள காலி பண்ணும்.

கேள்வி: ஊற எத்தனை நாள் ஆகும்?

தடிமன் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்கு. சேம்பர்லயே வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும், ஓடுற விமானத்துல வருஷக்கணக்கு.

கேள்வி: கிளைடர் எல்லாம் ஏன் வெள்ளையாவே இருக்கு?

நிறைய கிளைடர்ல (இன்ஜின் இல்லாம மிதக்குற விமானம்) போடுறது கம்மி சூட்டுல இறுகுற எபாக்ஸி, 54 டிகிரி வரைக்கும்தான் கணக்கு. கருப்பு பெயிண்ட் அடிச்சு வெயில்ல நிறுத்தினா அதை சுலபமா தாண்டிடும்.

கேள்வி: அண்ணா, கார்பன் ரிம் போட்ட சைக்கிள்ல கொல்லிமலை இறங்கலாமா?

டிஸ்க் பிரேக்னா தைரியமா இறங்குங்க தம்பி. ரிம் பிரேக்னா அந்த 70 கொண்டை ஊசி வளைவுலயும் உண்டாகுற சூடு ரிம்லதான் இறங்கும், ரெசின் இளகி, டயர் காத்தோட அழுத்தத்துல ஓரம் விரிஞ்சு போன ரிம்கள் உண்டு. விடாம அமுக்கிட்டே வராதீங்க, விட்டு விட்டு பிடிங்க, ரிம் கம்பெனி சொன்ன பிரேக் பேட் மட்டும் போடுங்க. மழைக்கு பயப்படாதீங்க. கார்பன் ஃபிரேம்ல அலுமினிய சீட்போஸ்ட்னா மட்டும் அப்பப்போ கழட்டி தொடைங்க, வேர்வை உப்பு பட்டா அலுமினியம் அரிச்சு அங்கேயே பிடிச்சுக்கும்.

கேள்வி: காய வச்சா பழைய பலம் திரும்புமா சார்?

உள்ள வெடிப்பு விழலன்னா பெரும்பாலும் திரும்பும். ரிப்பேர் பண்றவங்க மட்டும் காய வைக்காம ஹீட்டர் போடாதீங்க, ஹனிகோம்ப் (ரெண்டு தகடுக்கு நடுவுல வைக்கிற தேன்கூடு மாதிரி அடுக்கு) உள்ள தண்ணி நின்னா ஆவியாகி மேல் தகட்டையே பிச்சு தூக்கிடும்.