ஜல்லி விலை ஒரே நாளில் ஏறினால் அது கூட்டா?

கேள்வி: ஐயா, பாளையங்கோட்டையில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். நான் சரக்கு எடுக்கும் மூன்று கிரஷரிலும் (கல் உடைக்கும் ஆலை) ஒரே திங்கட்கிழமை முக்கால் இஞ்ச் ஜல்லிக்கு யூனிட்டுக்கு (நூறு கன அடி) 600 ரூபாய் ஏற்றிவிட்டார்கள். "எல்லாரும் பேசித்தான் ஏத்தியிருக்காங்க" என்று லோடு ஏற்றுகிறவரே சொல்கிறார். ரேட் பேசி வேலை எடுத்தவன் நான், நஷ்டம் என் தலையில். வியாபாரப் போட்டியைக் கெடுப்பவர்களை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம் அண்ணாச்சி. ஆனால் ஒரே விலை போட்ட மூன்று பில்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, போட்டியாளர்கள் கூடி விலை வைப்பதைத் தடுக்கிறது. பேசி வைத்தது நிரூபணமானால், போட்டி கெட்டது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டவேண்டியது அவர்கள் பாடு. பேசினார்களா என்பதுதான் சிக்கல். அதற்கு எழுத்தில் சாட்சி கிடைப்பது அபூர்வம். அங்கேதான் பொருளாதார ஆய்வு வருகிறது.

இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன். 2009இல் இந்திய உணவுக் கழக டெண்டரில் தானியப் பூச்சி மாத்திரைக்கு மூன்று கம்பெனிகள் கிலோ 388 ரூபாய் என்று ஒன்றுபோல் எழுதின. ஆலை இருக்கும் ஊர் வேறு, செலவு வேறு. விலை மட்டும் எப்படி ஒன்றாகும்? 2017இல் உச்ச நீதிமன்றம் அதைக் கூட்டு என்றே சொன்னது. மறு வருஷம் கேஸ் சிலிண்டர் வழக்கில், சிலிண்டர் செய்யும் கம்பெனிகளுக்கு ஆணையம் போட்ட அபராதத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. வாங்குவோர் மூன்றே எண்ணெய் நிறுவனங்கள் என்னும் சந்தையில் பேசாமலே விலை ஒன்றாக வர வழியுண்டு என்றது.

உங்கள் வழக்கிலும் இதே கேள்விதான் வரும். டீசலோ, வெட்டும் கல்லுக்கு அரசு வாங்கும் சீனியரேஜ் கட்டணமோ ஏறியிருந்தால் எல்லாரும் ஏற்றத்தான் செய்வார்கள். எல்லையிலுள்ள புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் லோடு கூடினாலும் இங்கே விலை ஏறும். இதெல்லாம் குற்றமில்லை. ஆனால் சொந்தக் குவாரி வைத்திருப்பவருக்கும் சக்கையை (குவாரியில் வெட்டிய பெருங்கல்) விலைக்கு வாங்கி உடைப்பவருக்கும் அடக்கவிலை ஒன்றாகாது. இருவரும் அதே 600 ஏற்றினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. ஐப்பசி மழையில் வேலை நின்று, யார்டில் ஜல்லி மலையாகக் கிடந்தும் ஒருவரும் பத்து ரூபாய் இறங்கவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

எத்தனை மைல் வரை உங்கள் சந்தை என்பதையும் ஆணையம் பார்க்கும். ஜல்லி கனமான சரக்கு. தூரம் கூடக்கூட லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். ஆகவே ஆலங்குளம், ராதாபுரம் பக்கம் நாலாவதாக ஒருவரிடம், வாடகையோடு சேர்த்து எழுத்தில் ரேட் கேளுங்கள். வாடகை கொடுத்தும் அது மலிவாக இருந்தால் இந்த மூவரால் அந்த விலையை வெகுநாள் பிடித்துவைக்க முடியாது. "அது எங்க ஏரியா இல்லை" என்று அவர் மறுத்தாலோ, இடத்தைப் பங்கு போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே தடயம். அதுவும் 3ஆம் பிரிவுக்குள் வரும்.

இரண்டு வருஷ பில், லோடோடு வரும் நடைச்சீட்டு (கல் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு), வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். பக்கத்திலேயே அந்தந்த மாத டீசல் விலையைக் குறியுங்கள். லோடுக்காரர் சொன்னதை, எந்த நாள், எந்த இடம் என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள். புகாருக்கு மூன்று வருஷம் அவகாசம் உண்டுதான், ஆனால் அவர் அதுவரை அதே கிரஷரில் இருக்கமாட்டார்.