இரண்டு நாள் கடற்கரைப் பயணம்: இடங்களின் பட்டியலுக்கு முன் ஓத அட்டவணை

கேள்வி: வரும் வார இறுதியில் வெப்பமண்டலக் கடற்கரை ஊர் ஒன்றுக்குக் குடும்பமாகப் போகிறோம். வெள்ளி இரவு போய்ச் சேருவோம், ஞாயிறு மாலை 6 மணிக்கு விமானம். ஆறு வயது மகள் கடலில் இறங்கியே தீருவேன் என்கிறாள். எனக்கு ஸ்கூபா டைவிங் ஆசை. அம்மாவுக்கு வெயில் ஆகாது. பார்க்க வேண்டிய இடங்கள் 14 எழுதி வைத்திருக்கிறேன். எந்த வரிசையில் போகலாம்?

பதில்: அந்தப் 14 இடங்களை முதலில் ஓரமாக வையுங்கள். உங்கள் கையில் இருப்பது சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை என்று மூன்று பொழுதுகள்தான். நடுப்பகலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெப்பமண்டலத்தில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொட்டாலே ‘மிகத் தீவிரம்’ என்பார்கள். அங்கே தெளிந்த நாளில் உச்சிவேளைக்கு அது சர்வ சாதாரணம். கருவி எதுவும் வேண்டாம், உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் நிழலுக்குள் போய்விட வேண்டும். தோராயமாகக் காலை 9 முதல் மாலை 3 வரை அப்படித்தான் இருக்கும். அந்த நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். அம்மாவின் பிரச்சினையும் இதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது கடலின் நேரம், அதாவது ஓதம்: கடல்மட்டம் ஏறி இறங்குவது. பெரும்பாலோர் இதைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் போகும் ஊரின் பெயரோடு ‘ஓத அட்டவணை’ என்று தேடினால் அந்த இரண்டு நாளுக்கும் நீர்மட்டம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கிடைக்கும். பல கடற்கரைகளில் ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் இடைவெளி. அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை காலை 9.30-க்கு உயர் ஓதம் என்று வைத்துக்கொள்வோம். மாலை 3.40 சுமாருக்கு நீர் நன்றாக வற்றியிருக்கும், ஞாயிறன்று உயர் ஓதம் 10.20-க்கு வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். (நாளுக்கு ஒரே முறை ஏறி இறங்கும் கடல்களும், ஓர் அடிகூட வித்தியாசம் தெரியாத இடங்களும் உண்டு. உங்கள் ஊர் அப்படி இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.)

இந்தக் கணக்குப்படி என் யோசனை இது. சனி காலை நீங்கள் டைவிங் போய்விடுங்கள். பெரும்பாலும் கடற்காற்று முற்பகலுக்குப் பிறகுதான் வலுக்கும் என்பதால் காலையில் நீர் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். டைவிங்கை ஞாயிறுக்குத் தள்ளவே கூடாது. அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும், அதற்குள் விமானம் ஏறுவது ஆபத்து. ஒரே ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்ட முறை மூழ்கினால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. ஞாயிறு காலை 8 மணிக்கு மூழ்கிவிட்டு மாலை 6 மணிக்குப் பறப்பது இந்தக் கணக்கில் தேறாது.

சனி மாலை நீர் வற்றியிருக்கும். ஈர மணல் இறுகிக் கிடப்பதால் அம்மா கால் புதையாமல் நடக்கலாம், மகள் பாறைக் குழிகளில் நண்டு தேடலாம். ஒன்று, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். அந்தப் பகுதிகளில் அந்திவெளிச்சம் ரொம்ப நேரம் நிற்காது, சூரியன் விழுந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். ஞாயிறு காலை 7 முதல் 9 வரை நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மகளோடு குடும்பமே கடலில் இறங்குங்கள். உங்கள் அட்டவணை இதற்கு நேர்மாறாக இருந்தால் காலையில் நடை, மாலையில் குளியல் என்று மாற்றிக்கொள்ளலாம்.

எங்கே இறங்குவது? உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், சிவப்பு–மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். ஊதாக் கொடி என்றால் ஜெல்லிமீன் போன்றவை இருக்கின்றன என்று அர்த்தம். கரையில் ஐந்து நிமிடம் சும்மா நின்று அலைகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே, அலையே உடையாமல் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும் ஒரு பட்டை இருக்கிறதா? குழந்தையை இறக்க அதுதான் நல்ல இடம் என்று கண் சொல்லும். உண்மையில் கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வழி அது. இந்த இழுப்பு நீரோட்டம் உள்ளுக்குள் அமுக்காது, கடலை நோக்கிக் கொண்டுபோகும். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். மகள் எப்போதும் உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இடுப்பளவு நீர்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்த இடுப்பு உங்களுடையது.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறோம். பெரியவர் ஒருவர் உடல் முழுக்கப் பூச ஒரு தடவைக்குச் சுமார் 30 மி.லி. வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீரிலிருந்து ஏறியதும் மறுபடியும் பூச வேண்டும். அப்படியானால் 100 மி.லி. டியூப் எத்தனை தடவைக்கு வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை மாட்டிவிட்டால் முகம், கழுத்து, கால் மட்டும் பூசினால் போதும்.

அறை போடும்போது ‘கடற்கரையிலிருந்து 200 மீட்டர்’ என்ற வரியை நம்பாதீர்கள். நான் ஒருமுறை நம்பினேன். 200 மீட்டர் உண்மைதான், ஆனால் நடுவில் ஓர் உப்பங்கழி. பாலம் சுற்றிப் போக 25 நிமிடம். அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தில் நடைபாதையை அளக்காமல் நான் பணம் கட்டுவதில்லை.

மழை பற்றி: செயலியில் இரண்டு நாளும் மழைமேகப் படம் தெரிந்தால் உடனே ரத்து செய்யாதீர்கள். பல மாதங்களில் அது பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மணிவாரியாகப் பாருங்கள். புயல் எச்சரிக்கை என்றால் மட்டும் மறுபேச்சில்லாமல் தள்ளிப்போடுங்கள். இடி கேட்டால் நீரை விட்டு ஏறி, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் இறங்க வேண்டும்.

அப்புறம், ஞாயிறன்று முற்பகலிலேயே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், உங்கள் விமானமோ மாலையில். பெட்டியை வைத்துக்கொள்வார்களா, காலி செய்த பிறகு குளிக்க இடம் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அம்மா, மகள், ஈரத்துணிப் பை எல்லாவற்றோடும் உச்சிவெயிலில் தெருவில் நிற்க வேண்டியிருக்கும். 14 இடங்களில் கூரையுள்ளது ஏதாவது இருந்தால் அந்த உச்சிவேளைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.