புட்டு அவித்த இரவு மெத்தை உறைந்த கதை

தம்பி, கோடையில் கனடாவின் எட்மன்டனுக்கு வந்தீர்கள், பழைய கேம்பர் (உள்ளே படுத்துச் சமைத்து இருக்கக்கூடிய வண்டி) ஒன்று மலிவாக வருகிறது, வாடகை மிச்சம் என்று விண்டரை அதற்குள் கழிக்கலாமா, எப்படிச் சூடாக வைத்திருப்பது என்று கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் நானும் ஒரு விண்டர் அப்படி இருந்தவன். இப்போது லீவில் மட்டக்களப்பில், கல்லடியில் நிற்கிறேன். மாரி மழை, 24 டிகிரி. அம்மா தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு "என்ன குளிர் மனே" என்கிறா. அங்கே உங்களுக்கு மைனஸ் 30 வரும்.

நீங்களும் நம் பக்கத்துக் களுவாஞ்சிகுடிப் பிள்ளை என்பதால் முதலில் ஒன்று சொல்ல வேண்டும். மாரிக்கு யன்னலைச் சாத்தி, ஓட்டையை அடைத்து, போர்த்திப் படுக்கிற நம் ஊர்ப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோனேன். கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தைப் பழைய சாரத்தால் அடைத்துவிட்டு, ஊர் ஞாபகம் வந்து ஒரு ஞாயிறு இரவு புட்டு அவித்தேன். ஆவியெல்லாம் சுவரில் பட்டு, தண்ணீராக வழிந்து, மெத்தைக்குப் பின்னால் இறங்கி உறைந்துவிட்டது. காலையில் மெத்தை அசையவில்லை. கரைவலை இழுப்பதுபோல் இழுத்தேன். துணி கிழிந்து சுவரிலேயே நின்றது. பிறகு வசந்தம் வரும்வரை அந்த மூலையில் கறுப்புப் பூஞ்சணம்தான்.

காஸும் ஈரம்தான். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். அடுப்பைச் சூட்டுக்காக எரித்தால் அவ்வளவும் உங்கள் மெத்தைக்கு. கூடவே காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு. மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி என்று படுத்தால் எழும்பாமலே போகலாம். அதற்கான அலாரத்தை ஹீட்டருக்கு முன்பே வாங்குங்கள். ஹீட்டர் எரியக் காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் குழாயால் வெளியே விடுகிற வகையாக இருக்கட்டும். கரண்ட் இணைப்புள்ள இடத்தில் நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது, மின் ஹீட்டரில் ஈரமும் இல்லை, புகையும் இல்லை. எதைப் போட்டாலும் மேல் துவாரம் இரண்டு விரல் அளவு திறந்தே இருக்க வேண்டும். சூடு போகுமே என்று மனசு அடிக்கும். போகட்டும்.

பியூட்டேன் டின் வாங்காதீர்கள், பூச்சியத்துக்குக் கீழே அது ஆவியாகாமல் கிடக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், ஆனால் மைனஸ் 30இலேயே அழுத்தம் குறைந்து ஹீட்டர் திணறும். லீதியம் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் அது பழுதாகும். தண்ணீர்க் குழாய்களை வடித்துவிட்டு, குடிக்கிற தண்ணீரைக் கானில் உள்ளே வையுங்கள்.

படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்குப் பரணில் படுத்திருந்தால் தெரிந்திருக்கும், குளிர் கீழேயிருந்துதான் ஏறும். கேம்பரின் அடியைச் சுற்றி நுரைப்பலகை கட்டிக் காற்றை மறியுங்கள். படுக்கைக்குள் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்று, காலுக்குக் கம்பளி மேஸ். பருத்தி உடுப்பு வேர்வையைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம். தலையை மூடிப் படுக்கவும் வேண்டாம், மூச்சின் ஈரம் போர்வையில் தங்கும்.

என்னைக் கேட்டால், ஜனவரியும் பெப்ரவரியும் யாரோடாவது ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள், மற்ற மாதங்களுக்குக் கேம்பர் போதும். நான் தை முடிவில் திரும்புகிறேன். புட்டு ஆசை வந்தால் எங்கள் வீட்டுக்கு வாங்க, அங்கே அவிப்போம்.