டயாலிசிஸ் நீரில் மீண்டும் மீண்டும் கிருமி: மருந்தைக் கூட்டலாமா?

சேலத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் டெக்னீஷியனாகப் பணிபுரியும் வாசகரின் கேள்வி: ஆர்.ஓ. (மெம்பிரேன் எனும் நுண்சவ்வு வழியே வடிகட்டிய) நீரின் கல்ச்சர் எண்ணிக்கை, அதாவது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த கிருமி எண்ணிக்கை, வரம்பைத் தாண்டுகிறது. கிருமிநீக்க மருந்தான பெராசிட்டிக் அமிலத்தைக் குழாய்களில் செலுத்தினால் குறைந்து, சில வாரங்களில் மீண்டும் ஏறிவிடுகிறது. மேட்டூர்த் தண்ணீருடன் போர் தண்ணீரும் கலப்பதுதான் காரணமா? மருந்தின் அளவைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம். குறைந்த எண்ணிக்கை திரும்ப ஏறுகிறது என்றால், மருந்து எட்டாத ஏதோ ஓரிடத்தில் பாக்டீரியாப் படலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். மாக்னசைட் பூமியான சேலத்தில் போர் தண்ணீரின் மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால் அந்த நீரின் கடினத்தன்மை, அதைக் குறைக்கும் சாஃப்ட்னரையும் ஆர்.ஓ. மெம்பிரேனையும் பாதிக்குமே தவிர, கிருமியை உண்டாக்காது. கார்பன் டேங்க் குளோரினை நீக்கிவிடுவதால், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு பகுதியும் கிருமி வளர ஏற்ற இடமாகிவிடுகிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, கிருமிநீக்கம் செய்வதற்கு முன், ஒரே நாளில், ஆர்.ஓ. வெளியேற்றம், சேமிப்புத் தொட்டி, இயந்திரங்களுக்கு நீரைச் சுற்றிக் கொண்டுசெல்லும் லூப் குழாயின் தொடக்கம், அதன் திரும்பு முனை, ஒவ்வொரு இயந்திரத்தின் இணைப்பு ஆகிய இடங்களில் வரிசையாக மாதிரி எடுங்கள். எண்ணிக்கை எந்த இடத்தில் திடீரென உயர்கிறதோ, அதற்குச் சற்று முன்னால்தான் படலம் இருக்கும். தொட்டியில் உயர்ந்தால் மூடியையும் காற்றுத்துளை ஃபில்டரையும் பாருங்கள். லூப்பில் உயர்ந்தால், பழைய படுக்கை ஒன்றை அகற்றியபின் முனை அடைத்துவிடப்பட்ட, நீர் ஓடாத குழாய்த் துண்டைத் தேடுங்கள். இணைப்பில் மட்டும் உயர்ந்தால், சுவரிலிருந்து இயந்திரத்துக்குச் செல்லும் ஹோஸைச் சந்தேகியுங்கள். லூப்பைச் சுத்தம் செய்பவரும் இயந்திரத்தைச் சுத்தம் செய்பவரும் அது தம் பொறுப்பல்ல என்று விட்டுவிடுவது உண்டு, இயந்திரத்தின் உள் வெப்பச் சுத்திகரிப்பும் பொதுவாக அதைத் தொடுவதில்லை.

பரிசோதனை முறையையும் ஆய்வகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 37 டிகிரியில் இரண்டு நாள் பிளட் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால், மெதுவாக வளரும் நீர்க் கிருமிகள் தப்பிவிடும். சத்துக் குறைந்த ஊடகமான ஆர்2ஏ அகாரில் 17 முதல் 23 டிகிரியில் 7 நாள் வளர்க்க வேண்டும். டயாலிசிஸ் நீருக்கான ஐ.எஸ்.ஓ. 23500 தரப்படி, மில்லிலிட்டருக்குக் கிருமி எண்ணிக்கை 100-க்குக் குறைவாகவும், எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு 0.25 அலகுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். கிருமி எண்ணிக்கை 50-ஐ எட்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பயனற்ற குழாயை வெட்டி நீக்கி, ஹோஸை மாற்றிய பிறகு மருந்தைச் செலுத்துங்கள். ஒவ்வொரு முனையிலும் மருந்து வந்து சேர்ந்ததா என டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்த்து, உற்பத்தியாளர் சொன்ன நேரம் வரை நிறுத்தி வையுங்கள். ஹைப்போகுளோரைட் (பிளீச்) பாலிஅமைட் வகை மெம்பிரேனைக் கெடுத்துவிடும் என்பதால், அதை ஆர்.ஓ. வழியே விடாதீர்கள். கழுவியபின் எல்லா முனைகளிலும் மருந்தின் எச்சம் இல்லை என்று உறுதியாகும்வரை எந்த நோயாளியையும் இணைக்கக் கூடாது.

எண்ணிக்கை 100-ஐத் தாண்டிய நிலையில் சிகிச்சையைத் தொடர்வதா என்பதைச் சிறுநீரகவியல் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அதற்கிடையில் யாருக்காவது டயாலிசிஸின்போது குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், உடனே மருத்துவரை அழைத்து, அவர் சொற்படி ரத்தக் கல்ச்சருக்கு அனுப்புவதோடு, அந்த இயந்திரத்தைக் கழுவிவிடாமல் தனியே நிறுத்தி, டயாலிசேட்டிலும் (டயாலிசிஸ் திரவத்திலும்) மாதிரி எடுத்துவையுங்கள்.