தொலைதூர ஊர்களில் போர்ட்ரெய்ட் எடுக்க விலை கூடிய கேமராவுக்கு மாறத்தான் வேண்டுமா?

கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது, அடுத்த கோடையில் லடாக்கின் சாங்தாங் பகுதிக்குப் போய் அங்கே ஆடு மேய்க்கும் சாங்பா மக்களைப் போர்ட்ரெய்ட் எடுக்க ஆசை, இப்போதுள்ள க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவையும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸையும் தள்ளிவிட்டு, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடியை, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராவை, இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பேன். லென்ஸை மட்டும் அவசியம் மாற்றுங்கள். அந்தப் பக்கம் கேமராவோடு போய்வருகிறவன் என்ற முறையில் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

யாக் முடியில் நெய்த கறுப்புக் கூடாரத்தை அங்கே ரெபோ என்பார்கள். நடுவில் அடுப்பு, அதற்கு நேர் மேலே புகை போக ஒரு திறப்பு. அந்தத் திறப்பிலும் வாசலிலும் வருவதுதான் வெளிச்சம். உள்ளே உட்கார்ந்து உங்கள் கிட் லென்ஸை 50 எம்எம்முக்குத் திருப்பினால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 5.6-ஓடு நின்றுவிடும் (இந்த எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்). எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருப்பார், தலை அசையும். ஷட்டரை 1/125 வினாடிக்குக் கீழே இறக்க முடியாது. சென்சாரின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓ 6400-க்குப் போய் நிற்கும், கன்னத்துச் சுருக்கமெல்லாம் புள்ளி புள்ளியாகக் கரைந்துவிடும். அதே இடத்தில் எஃப் 1.8 வரை திறக்கும் 50 எம்எம் லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 640 போதும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு உங்களுடையதைப்போல இரண்டு மடங்கு சொச்சம்தான், அது வாங்கும் வெளிச்சமும் அவ்வளவுதான் கூடும். அதாவது பத்தாயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும் ஒரு லென்ஸ் செய்கிற வேலையில் கால்வாசியை, லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் பாடி செய்யும். அதோடு உங்கள் பட்ஜெட்டில் ஃபுல் ஃபிரேம் வாங்கினால் கூட வருவதும் இன்னொரு கிட் லென்ஸாகத்தான் இருக்கும், அதுவும் எஃப் 5.6, எஃப் 6.3 என்று இருட்டாக.

கூடாரத்துக்கு வெளியே பிரச்சினை நேர்மாறானது. சோமோரிரி ஏரிக்கரையில் இருக்கிற கோர்சோக் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு, ஈரமும் குறைவு, அதனால் வானத்திலிருந்து சிதறி வந்து நிழலை நிரப்புகிற வெளிச்சமும் குறைவு. உச்சி வெயிலில் தொப்பி போட்ட ஒருவரை எடுத்தால் மூக்கு நுனி வெள்ளையாக வெடித்துப்போய், கண்கள் இரண்டும் கருங்குழியாக இருக்கும். புது சென்சார் நிழலைக் கொஞ்சம் கூடுதலாக மீட்டுக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் அவரைக் கூடார வாசலுக்கு ஒரு முழம் உள்ளே தள்ளி உட்காரச் சொன்னால் மீட்கவேண்டிய அவசியமே வராது.

ஒரு பாட்டியை அப்படித்தான் எடுத்தேன். வெளியே நின்றபோது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, முகமே ஒரு முடிச்சாக இருந்தது. வாசலுக்குள் வந்து உட்கார்ந்து, கையிலிருந்த கம்பளி நூலை மறுபடி திரிக்க ஆரம்பித்ததும் நெற்றி தளர்ந்தது, கண் திறந்தது. வெளியே வெயிலில் காய்ந்த வெளிர்மண் தரை வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அனுப்ப, தாடைக்கு அடியில்கூட இருட்டு இல்லை. பின்னால் ரெபோவின் கறுப்பு. ஸ்டுடியோவில் விளக்கு, துணி எல்லாம் கட்டி வரவழைக்கிற வெளிச்சம் அது. ஒன்றைக் கவனியுங்கள்: இப்போது பல குடும்பங்கள் கேன்வாஸ் கூடாரமும் போடுகின்றன. வெள்ளைத் துணியென்றால் உள்ளே முழுக்க அருமையான மென்வெளிச்சம். நீலத் தார்ப்பாய் என்றால் முகம் நீலம் பூத்துவிடும், அதை எந்த விலைக் கேமராவாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. வெளியே கூட்டிவந்து நிழலில் உட்காரவையுங்கள்.

இதில் எனக்கு வழிகாட்டி இர்விங் பென் என்ற அமெரிக்க ஃபோட்டோகிராஃபர். 1948 டிசம்பரில் அவர் பெரு நாட்டின் குஸ்கோ நகரத்துக்குப் போனார். கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அங்கே உள்ளூர்க்காரர் ஒருவரின் பகல்வெளிச்ச ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் சமயத்தில் நகரத்துக்கு வந்த மலைவாழ் மக்களை எடுத்தார். பின்னாளில் மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி, நியூ கினி, மொராக்கோ என்று போனபோது ஒரு கூடாரத்தையே ஸ்டுடியோவாக்கித் தூக்கிக்கொண்டு போனார். உலகின் எந்தக் கேமராவையும் வாங்கும் வசதியிருந்த மனிதர், சுமந்துபோக முடிவுசெய்த பெரிய சாமான் வெளிச்சத்தை அடக்கிவைக்கும் துணிதான்.

சரி, பாடி மாற்றுவதால் பிரயோஜனமே இல்லையா? இருக்கிறது, இரண்டு விஷயத்தில். முதலாவது கண்ணைத் தேடிப்பிடிக்கும் ஃபோகஸ். எஃப் 1.8-ல் ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால் இரண்டு விரல் அகலத்துக்குள்தான் எல்லாம் கூர்மையாக இருக்கும். கண் விட்டுப்போய் காதில் ஃபோகஸ் விழுந்த படம் குப்பைக்குத்தான். உங்களுடையது பத்து வருடத்துக்கு முந்தைய மாடலாக இருந்து, ஓடியாடும் குழந்தைகளை எடுக்க ஆசையுமிருந்தால், கண் ஃபோகஸ் உள்ள க்ராப் சென்சார் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) ஒன்றைப் பழையதாகவே வாங்கலாம். இரண்டாவது, இரட்டை மெமரி கார்டு. லடாக்கின் பெரிய நகரமான லேவிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து எடுத்த முகம், கார்டு பழுதானால் திரும்பக் கிடைக்காது. அதற்கு மாற்றுவழி உண்டு: ராத்திரி தூங்கும் முன் போனிலோ சின்ன எஸ்எஸ்டியிலோ பிரதி எடுத்துவிடுங்கள். மெகாபிக்சலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 24 மெகாபிக்சல் படத்தை 20க்கு 13 அங்குலத்தில் அச்சடித்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குளிரில் லித்தியம் பேட்டரி சார்ஜ் இருக்கும்போதே செத்ததுபோல நடிக்கும். உபரி பேட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சோலார் பேனலை நம்பித்தான் விளக்கே எரிகிறது, சார்ஜ் போட இடம் கிடைக்கும் என்று கணக்குப்போட்டுப் போகக் கூடாது. அப்புறம், குளிரிலிருந்து அடுப்பெரியும் கூடாரத்துக்குள் நுழைந்ததும் லென்ஸில் பனி படிந்துவிடும். துடைத்துப் பயனில்லை, நுழையுமுன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, உள்ளே வந்தபின்னும் கொஞ்ச நேரம் அப்படியே விடவேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் கொடுக்கும் உப்பு வெண்ணெய்த் தேநீரைக் குடித்துக்கொண்டு பேசுங்கள். உடனே கேமராவை நீட்டாதது நல்லதுதான்.

நான் மனதார வாங்கச் சொல்வது ஒரு பாக்கெட் பிரிண்டர். கேமராக்காரர்கள் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. 1984-ல் பாகிஸ்தானின் பெஷாவர் பக்கத்து நாசிர் பாக் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி என்ற ஃபோட்டோகிராஃபர் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் உலகத்துக்கே தெரியும். நிக்கான் எஃப்எம்2 கேமரா, 105 எம்எம் லென்ஸ், கோடாக்ரோம் ஃபிலிம். மறுவருடம் ஜூனில் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்தது. அந்தச் சிறுமி ஷர்பத் குலா தன் படத்தை முதன்முதலாகப் பார்த்தது 2002-ல். கிட்டத்தட்ட பதினேழு வருடம் உலகமெல்லாம் பார்த்த தன் முகத்தை அவர் பார்த்ததில்லை. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கும். அன்று மெக்கரியின் கையிலிருந்த ஃபிலிம் கேமராவில் உடனே படத்தைக் கொடுக்கும் வசதி இல்லை. இன்று பையிலிருந்து எடுத்து, போனில் இணைத்து, சில நிமிடத்தில் கையில் கொடுத்துவிடலாம். அந்தப் பாட்டி தன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, லேவில் படிக்கிற பேரனுக்கு இன்னொன்று வேண்டும் என்று கேட்டார். அதன்பிறகு உள்ளே போய், நீலக்கற்கள் வரிசையாகத் தைத்த பேரக் என்னும் தலையணியைப் போட்டுக்கொண்டு வந்து, இப்போது எடு என்றார். நூல் திரிக்கிற படம் எனக்குப் பிடித்தது. பேரக் போட்ட படம் அவருக்குப் பிடித்தது. இரண்டையும் எடுங்கள், அவர் கேட்கிற படத்தை முதலில் எடுங்கள்.

பணத்தை இப்படிப் பிரிப்பேன். 50 எம்எம் எஃப் 1.8 ஒன்று, கூடுதல் பேட்டரிகள், கார்டுகள், பிரிண்டரும் அதற்கு நிறையத் தாளும். இதற்கெல்லாம் முப்பதாயிரத்துக்குப் பக்கம் வரும். மிச்சத்தை அங்கே கூடுதலாகத் தங்கச் செலவழியுங்கள். ஒரே குடும்பத்தோடு மூன்று நான்கு நாள் இருந்தால், காலையில் ஆடுகளைத் திறந்துவிடும்போதும் சாயங்காலம் திரும்ப அடைக்கும்போதும் உங்களை யாரும் திரும்பிப் பார்க்காத நேரம் வரும், நல்ல முகங்கள் அப்போதுதான் கிடைக்கின்றன. உள்ளூர் மொழி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள், அவருக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள். லேவில் இறங்கியதும் இரண்டு நாளாவது சும்மா இருந்து உடம்பைப் பழக்கிவிட்டு மேலே ஏறுங்கள், தலைவலியோடு யாரையும் பொறுமையாக எடுக்க முடியாது.

உங்கள் கேமரா எந்த மாடல் என்று கீழே எழுதினால், அதற்குப் பொருந்தும் லென்ஸையும் அதில் கண் ஃபோகஸ் உண்டா என்பதையும் பார்த்துச் சொல்கிறேன்.